ஜெய்தூன் அக்கா வீட்டு மூன்று குளியல் தொட்டிகள்

"உங்கள் கனவு வீட்டை முப்பரிமாணத்தில் நீங்களே வடிவமைக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை. குழந்தைகூடச் செய்யும்" என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அவர்களில் யாராவது ஒருவர் என் கையில் கிடைத்தால் போதும். அடிக்க மாட்டேன். என் அக்கா ஜெய்தூன் பீவிக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வைப்பேன். லேப்டாப்பைத் திறந்து கொடுத்து, "எங்கே, இவளுக்கு ஒரு சுவர் வரையக் கற்றுக்கொடு, பார்ப்போம்" என்பேன். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போயிருப்பார்.

நான் ரஃபியா. திண்டுக்கல்லில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இந்த உத்தியோகத்தில் பெரிய தொல்லை பிள்ளைகள் இல்லை, சொந்தக்காரர்கள். டிவியில் படம் தெரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "கம்ப்யூட்டர் படிச்சவதானே?" என்ற ஒரு கேள்வியிலேயே என் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் கரைந்து போயின. ஆனால் அக்கா கொண்டுவந்த வேலைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பேகம்பூரில் வந்து ஜெய்தூன் பீவி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். பிரியாணிக்கார ஜெய்தூன் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அக்கா புருஷன், என் மச்சான் முகமது பாரூக், தோல் மண்டியில் இருந்தவர். மண்டியில் வேலை குறைந்த ஒரு வருஷம், எதிர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து. கல்யாணம் காட்சிக்குச் சமைக்கிறவரை எங்கள் ஆட்கள் பண்டாரி என்பார்கள். அன்றைக்கு வர வேண்டிய பண்டாரி வரவில்லை. ஆடு அறுத்தாயிற்று, அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, ஆளைக் காணோம். எதிர் வீட்டம்மா தெருவில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்பை விட்டு நகரவில்லை.

அவளிடம் மூன்று அண்டாக்கள் இருக்கின்றன. பெரியவ, நடுவுலவ, சின்னவ என்று பெயர். அக்காவுக்கு நாசர் ஒருவன்தான் பிள்ளை. ஷார்ஜாவில் இருக்கிறான். "ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டியே" என்று யாராவது கேட்டால், "ஏன், கொட்டாயில மூணு பொம்பளைப்புள்ளைக நிக்குறது தெரியலையா?" என்பாள். பெரியவளின் வாய் அகலம் மூன்றடி இரண்டு அங்குலம். இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்க வேண்டும். இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்று கிடக்கிறது. அதில் தகரக் கொட்டகை போட்டு அடுப்பு வைத்திருக்கிறாள், அதுதான் அவள் கொட்டாய். வேன் நேராக அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அண்டா ஏறும், போகும்.

இந்த நேரத்தில்தான் சொந்த வீடு வந்தது. நிலக்கோட்டை ரோட்டில் நாலு சென்ட், முப்பதடி முகப்பு. பிராங்கிளின் என்ற இளம் இன்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்தார். நல்ல பையன். வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா' போடுவார். நீல நிறக் காகிதத்தை விரித்து, "இது ஹாலும்மா, இது பெட்ரூமு, இது ஓப்பன் கிச்சன்" என்று பென்சிலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "என் கொட்டாய் எங்க தம்பி?" என்று கேட்டாள்.

பிராங்கிளின் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் பின்னாடி எடம் கெடக்கு. மொதல்ல வீடு எந்திரிக்கட்டும். பொறவு ஒரு ஷெட்டு போட்டுக்கிரலாம்" என்றார் மச்சான்.

"பின்னாடின்னா எங்க? இங்க வெறும் வெள்ளையால்ல இருக்கு."

கோடுகளைப் பார்த்து அக்காவுக்கு எதுவும் புரியாது. அதை அவள் மறைக்கவும் மாட்டாள். முப்பரிமாணத்தில் காட்டுங்கள் என்றாள். பிராங்கிளின் அதற்கும் தயாராக வந்திருந்தார். மொபைலில் ஒரு படம் வந்தது. கண்ணாடி ஜன்னல், மஞ்சள் விளக்கு, வாசலில் ஒரு சிவப்புக் கார்.

"இந்தக் காரு யாருது?"

"சும்மா அழகுக்கு வச்சதும்மா."

"பின்பக்கத்தக் காட்டுங்க."

"பின்பக்கத்துக்குப் படம் போடலைம்மா. பின்பக்கத்த யாரு பாக்கப் போறா?"

பிராங்கிளின் அதை மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எல்லார் வீட்டு விசேஷத்திலும் பின்பக்கத்திலேயே நின்றவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை பிளானை அப்ரூவலுக்குக் கொடுத்துவிடுவோம், கொடுத்த பிறகு மாற்றுவது பெரும்பாடு என்றும் சொல்லிவிட்டுப் போனார். கையில் இருந்தது ஒன்பது நாள். அக்கா அந்தக் காகிதத்தைச் சுருட்டி, பூக்கட்டும் நாரால் ஒரு முடிச்சுப் போட்டு, ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இத நிக்குற மாதிரி எனக்குக் காட்டுடி. நான் உள்ள போயி நடந்து பாக்கணும். என் கொட்டாயிக்கு எடம் இருக்கா இல்லையான்னு என் கண்ணால பாக்கணும்."

"அக்கா, நான் பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லிக் கொடுக்கிறவக்கா. வீடு கட்டுறவ இல்ல."

"கம்ப்யூட்டர் படிச்சவதானே?" என்றாள். முடிந்தது.

முதலில் கிடைத்த சாப்ட்வேர் முற்றிலும் இலவசம் என்றது. இறக்கி முடிக்கவே ஒரு சாயங்காலம் போனது. நாலு சுவரும் வரைந்தேன், அழகாக வந்தது. கதவு வைக்கப் போனால் பணம் கட்டச் சொன்னது. ஆக, கதவில்லாத வீடாக இருந்தால்தான் இலவசம். இரண்டாவது மொபைலில் ஓடுகிறது. ஒரு சுவர் வரைந்தால் ஒரு விளம்பரம். அக்காவுக்கு விளம்பரங்கள் பிடித்துப் போய்விட்டன. சமையலறை வருவதற்குள் இரண்டு சோப்பும் ஒரு குக்கரும் வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

மூன்றாவது பெரிய ஆட்கள் உபயோகிப்பது. தமிழிலேயே பாடம் இருக்கிறது என்று ஆசையாகப் பார்த்தேன். அறுபத்து நாலு வீடியோ. முதல் வீடியோவில் பதினோரு நிமிஷம் அந்தத் தம்பி தன் சேனலைப் பற்றியே பேசினார். பிறகு, "இந்த அடிப்படை விஷயம்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் நண்பர்களே" என்று தாண்டிப் போய்விட்டார். தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறேன்? நாலாவதைத் திறந்ததும் லேப்டாப் மாவு மில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. அடியில் கை வைத்துப் பார்த்த அக்கா, "அணைச்சுருடி, அடி பிடிக்கப் போகுது" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அதுவே அணைந்துவிட்டது.

ஐந்தாவதில் எல்லாமே வெளிநாட்டு வீடு. சுவர் மரம், கூரை சரிவு, வெளியே பனி. அக்கா சாமான் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவள் துள்ளினாள்.

"அந்தா அடுப்பு! அடுப்பு இருக்குல்ல!"

"அது சமைக்கிற அடுப்பு இல்லக்கா. ஹாலுல வச்சுக் குளிர் காயுறது."

"திண்டுக்கல்லுல எந்தக் குளிரு?"

எனக்கு அழுகை வந்தது. ஒன்பது நாளில் நாலு நாள் போயிருந்தது. பள்ளியில் பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன. வீட்டில் மூன்று நாளாக ஒரே ரசம். எவனோ எங்கேயோ எழுதி வைத்த பழைய பதிவு ஒன்றில் ஆறாவதின் பெயர் கிடைத்தது. பார்க்க அவலட்சணமாக இருந்தது. விளம்பரம் இல்லை, வாக்குறுதி இல்லை. மேலே பிளான், கீழே வீடு. மேலே ஒரு கோடு இழுத்தால் கீழே சுவர் எழும்புகிறது. அவ்வளவுதான். நான் முதல் சுவரை முப்பது என்று போட்டேன். அது சென்டிமீட்டரில் எடுத்துக்கொண்டு கைக்குட்டை அளவில் ஒரு வீட்டைக் கொடுத்தது.

"எறும்புக்கா கட்டுறோம்?" என்றாள் அக்கா.

அடிக்கு மாற்றினேன். பிராங்கிளின் பிளானைக் கோடு பிசகாமல் எடுத்துப் போட்டேன். சுவர் எழுந்தது, கதவு வந்தது, ஜன்னல் வந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தன் வீட்டைப் பார்த்தாள். மாஷா அல்லா என்றாள். உடனே மவுஸைக் கேட்டாள்.

அங்கே பிடித்தது சனி. அவள் மவுஸை மேஜையில் வைத்து நகர்த்த மாட்டாள். கையில் தூக்கி, அகப்பையால் கிண்டுகிற மாதிரி ஆகாயத்தில் சுற்றுவாள். எண்ணும் சொல்ல மாட்டாள். கொட்டகை எவ்வளவு அகலம் என்றால், "நான் ரெண்டு கையும் விரிச்சா மூணு தடவ" என்பாள். நான் இஞ்ச் டேப் எடுத்து அக்காவின் கை அகலத்தை அளந்தேன். இந்த வயசில் இதையும் செய்தேன். அதைவிடக் கொடுமை அந்தச் சுழற்றும் குமிழ். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து மூலையில் உள்ள அந்தக் குமிழை இழுத்தால் வீடு முழுக்க அப்படியே திரும்பிவிடும். அக்காவின் கை ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போய் விழும். வாசல் பின்னால் போய்விடும், கொட்டகை ரோட்டுக்கு வந்துவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, செய்ததை ரத்து செய்யும் பட்டனை அழுத்துவேன்.

"அது என்னடி, அழுத்துனா பழையபடி ஆகிருது?"

"தப்பாச் செஞ்சத இல்லன்னு ஆக்குறதுக்கா."

"அட, தவ்பா பட்டன்" என்றாள். செய்த பாவத்துக்கு அல்லாவிடம் மன்னிப்புக் கேட்பதைத்தான் தவ்பா என்போம். அன்றைக்கு ஒரு சாயங்காலத்தில் மட்டும் அந்த வீட்டுக்காக நான் பதினேழு தடவை தவ்பா செய்தேன்.

பின்னால் இருந்த பன்னிரண்டு அடி வெள்ளையில் கொட்டகை போட்டாயிற்று. அடுத்து அண்டா வேண்டும் என்றாள். சாமான் பட்டியலில் பியானோ இருக்கிறது, பில்லியர்ட்ஸ் மேஜை இருக்கிறது, நாய்க்கு மூன்று விதமான படுக்கை இருக்கிறது. அண்டா இல்லை. பூந்தொட்டியைப் பெரிதாக்கலாம் என்றேன், அதில் செடி இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். கடைசியில் வட்டமான குளியல் தொட்டி ஒன்று கிடைத்தது. அகலத்தை மூன்றடி இரண்டு அங்குலம் ஆக்கினேன். ஆழத்தைக் கூட்டினேன். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட பெரியவதான். பக்கத்துல மத்த ரெண்டையும் வையி" என்றாள். கொட்டகையில் மூன்று குளியல் தொட்டிகள் வரிசையாக நின்றன.

அதோடு விட்டிருக்கலாம். அந்த சாப்ட்வேர் வீட்டைச் சுற்றி வந்து வீடியோவும் எடுத்துக் கொடுக்கும் என்று தெரிந்ததும் குடும்ப குரூப்பில் போடச் சொன்னாள். போட்டேன். பத்து நிமிஷத்தில் ஷார்ஜாவிலிருந்து நாசர் குரல் வந்தது.

"ஏம்மா, வீட்டுக்குப் பின்னாடி மூணு பாத்டப்பு எதுக்கும்மா? அதுவும் செவுரு இல்லாம?"

மறுநாள் பேகம்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெய்தூன் வெட்டவெளியில் மூன்று பேர் சேர்ந்து குளிக்கத் தொட்டி கட்டுகிறாளாம், வெளிநாட்டுக் காசு என்ன பாடு படுத்துகிறது பாருங்கள் என்று பேச்சு. வேடசந்தூரிலிருந்து ஒரு சம்பந்தி முறைக்காரி போன் போட்டு, நீச்சல் குளத்தில் பொம்பளைகளுக்குத் தனி நேரம் உண்டா என்று விசாரித்தாள். பிராங்கிளின் என் நம்பரைக் கண்டுபிடித்து, "டீச்சர், பாத்டப்புக்குத் தண்ணி லைன் பின்னாடி இழுக்கணுமா? அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று வருத்தப்பட்டார். ஒவ்வொருவருக்கும் அது அண்டா, அது அண்டா என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோனது.

சனிக்கிழமை மச்சான் என் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரமாக அக்கா சாயங்காலமானால் காணாமல் போகிறாளே, என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவர். டீ கொடுத்து உட்கார வைத்தேன். அக்கா அவரைக் கவனிக்கவில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரஃபியா, பெரியவள ரோட்டுக்குக் கொண்டு போ."

"எதுக்குக்கா?"

"சோறு வெந்துருச்சு. தம்மு போட்டாச்சு. வேன் வாசல்ல நிக்குது. கொண்டு போ."

நான் பெரிய தொட்டியைப் பிடித்து இழுத்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம் மதில் ஒட்டிய சுவர். மறு பக்கம் இரண்டரை அடிச் சந்து. அந்தச் சந்து வழியாகக் கொண்டு வந்தேன். சாப்ட்வேருக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. தொட்டி சுவருக்குள் பாதி புதைந்தபடி வழுக்கிக்கொண்டே வந்தது.

"நில்லு!" என்று கத்தினாள். "செவுத்துக்குள்ள போகுதுல்ல! திரும்பிப் போயி வீட்டுக்குள்ளாற கொண்டு வா."

வீட்டுக்குள் கொண்டு வந்தேன். பின்கதவும் இரண்டரை அடி. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே, ஓப்பன் கிச்சன் என்று சுவருக்குப் பதிலாகப் போட்ட மேடை. தொட்டி கதவைத் தின்றது, மேடையைத் தின்றது, சோபாவைத் தின்றது. மூன்று வழியில் இழுத்துப் பார்த்தேன். எந்த வழியிலும் பெரியவள் வெளியே வரவில்லை. நடுவுலவளும் வரவில்லை.

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டமா? செத்தச் சாச்சுக் கொண்டு வந்தாப் போச்சு" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தம்மு போட்ட அண்டாவச் சாய்க்கிறதா? இருவத்திரெண்டு வருசமாத் தின்னுருக்கீக. ஒரு நாளாச்சும் அண்டாவச் சாச்சுப் பாத்துருக்கீகளா? மூடி மேல கங்கு கெடக்கும். உள்ள கறி கீழ, சோறு மேலன்னு அடுக்கிருக்கும். சாச்சா என்ன ஆகும்?"

மச்சான் டீயைக் கீழே வைத்தார்.

"பின்னாடி கொட்டாய் போட்டுக்கிரலாம்னு சொன்னீகளே. போட்டுட்டு, ஆக்குன சோத்த எப்புடி வெளிய கொண்டு போக? சொல்லுங்க. இந்தப் பிளான நீங்க பாத்துத்தான சரின்னீக?"

அவர் டீ கிளாஸை நகர்த்தி நகர்த்தி வைத்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கொட்டகை என்ற ஒன்று அந்த வீட்டில் வரப்போவதே இல்லை. அந்த வெள்ளை எப்போதும் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அக்காவிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

"நாசருதான் சொன்னான்" என்றார் மச்சான், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒட்டன்சத்திரத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வருவாங்க. அண்டாவும் பொகையுமா இருந்தா நல்லாருக்காதுன்னான். பண்டாரி மவன்னு பேச்சு வந்துரும்னான். நீயும் ஒழச்சது போதும்னுதான் நானும்..."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் காலேசு படிச்சது எந்த அடுப்புலயாம்?" என்றாள் கடைசியில். அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து ஆட்டோவுக்குப் போய்விட்டாள். மச்சான் பின்னால் ஓடினார்.

எனக்கு மச்சான் மேல் கோபம் வந்தது. நாசரைக் கூப்பிட்டுக் கிழித்து எறியலாம் போல இருந்தது. அதையெல்லாம்விட என் மேலேயே அதிகம் வந்தது. போன ரமலானில் நானும்தான், "போதும்க்கா, இனிமே ஒக்காந்து சாப்பிடு" என்று அவளிடம் சொன்னேன். அவள் இஞ்சி நசுக்கிக்கொண்டே இருந்தாள். ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் இருக்கிற ஒரே சொத்தைப் பிடுங்கத்தான் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றிருக்கிறோம்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே அக்கா வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. "லேப்டாப்ப எடு" என்றாள். நான் மவுஸைப் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

மவுஸை மேஜையில் வைத்தாள். ஆகாயத்தில் தூக்கவில்லை. அண்டாவுக்கு அடியில் தீயைக் குறைக்கிற நிதானத்தோடு, வீடு முழுவதையும் சேர்த்துப் பிடித்தாள். மூலையில் இருந்த அந்தக் குமிழைத் தேடித் தொட்டாள். இழுத்தாள். வீடு மெதுவாகத் திரும்பியது. சிவப்புக் கார் நிற்க வேண்டிய இடத்தில் கொட்டகை வந்து நின்றது. ரோட்டைப் பார்த்து மூன்று தொட்டிகள்.

ஒரு வாரப் பழக்கத்தில் என் விரல் தானாக அந்த ரத்துப் பட்டனுக்குப் போனது.

"தவ்பா செய்யாத" என்றாள். "இது தப்பு இல்ல. இப்புடியே இருக்கட்டும்."

வாசல் கதவு பின் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதைச் சொன்னேன். "அத அந்தத் தம்பி பாத்துக்கிருவான். படிச்சவன்தானே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தடவையாவது அந்தக் கேள்வி வேறு ஒருவர் தலையில் விழுந்ததே.

பிராங்கிளின் மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தார். கூடவே மச்சானும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பிராங்கிளின் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, ரோட்டோரம் கொட்டாய், வீடு அதுக்குப் பின்னாடியாம்மா?"

"ஆமா தம்பி. வேன் வந்து நின்னா அண்டா நேரா ஏறணும். ஒரு பக்கம் வீட்டுக்கு வழி விட்டுரு. வாசக் கதவ அந்தப் பக்கமாத் திருப்பு."

"போடலாம்மா. பத்தடி வழி கெடைக்கும். ஆனா ரோட்டுல இருந்து பாக்குறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"யாருக்கு?"

பிராங்கிளின் மச்சானைப் பார்த்தார். மச்சானிடம் அதற்கு ஒரு பதில் இருக்கும் என்று நான் பயந்தேன். நாளைக்குத் திங்கட்கிழமை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாசல் கேட்டு எம்புட்டு அகலம் வைக்கணும்?" என்று கேட்டார்.

"பெரியவளக் கேளுங்க" என்றாள் அக்கா.

மத்தியானம் புது வீடியோவை அக்காவே குரூப்பில் போட்டாள். எப்படி அனுப்புவது என்று கேட்கவில்லை. கற்றுக்கொண்டிருந்தாள். சோறு போட்டு உட்காருவதற்குள் நாசர் வீடியோ காலில் வந்துவிட்டான். முகம் ஒரு மாதிரி இருந்தது. மச்சான் ஏற்கெனவே அவனிடம் பேசியிருக்க வேண்டும்.

"அம்மா, அந்தத் தொட்டி மூணும் இப்ப எதுக்கும்மா வாசலுக்கு வந்துச்சு?"

அக்கா மொபைலைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள்.

"அது தொட்டி இல்ல நாசரு. அது ஒங்கம்மா. ஒட்டன்சத்திரத்துக்காரங்க வந்தா மொதல்ல என்னையப் பாக்கட்டும். பாத்துட்டுப் புடிச்சிருந்தா உள்ள வந்து வீட்டப் பாக்கட்டும்."

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மச்சானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா மட்டும் அவனுடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கூரை ரொம்பத் தாழ்வா இருக்கும்மா" என்றான், நிமிராமலே. "பொகை முழுக்க ஒன் கண்ணுலதான் அடிக்கும். ஒசத்திப் போடச் சொல்லு."

அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டியாடி? எந்திரி, கூரைய ஒசத்து" என்றாள்.

சோற்றுக் கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கூரையை உயர்த்துவது எப்படி என்று தேடினால், மிகவும் எளிது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் எழுதி வைத்த அந்த நாசமாய்ப் போன செய்முறையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.